கால் மாத்திரைக்கும் கீழே

முதலில் தேன்சிட்டு என்றுதான் நினைத்தேன்.
பூர்க்டோர்ஃபில், அதுவும்
கார் நிறுத்துமிடத்துச் சுவர் வெடிப்பில்
தானாக முளைத்த சிவப்பு வலேரியன் மேல்.
வியாழக்கிழமை, எங்கள் வீட்டுச் சலவை நாள்.
கையில் ஈரத் தலையணை உறை.

உட்காரவே இல்லை அது.
ஒரு பூவின் முன்னே அந்தரத்தில் நின்று
குடித்து
பின்பக்கமாக நகர்ந்து
அடுத்த பூ.
சிறகு இருக்கவேண்டிய இடத்தில்
செம்மஞ்சள் புகை.

நிலோஜா கைபேசியில் தேடிச் சொன்னாள்:
ரீங்காரச்சிட்டு அமெரிக்காவில்தான் அம்மா. இது விட்டில்.
சிட்டைப் போலப் பறக்கிற விட்டில்.
அல்ப்ஸ் மலையைத் தாண்டி வருமாம்.
(அதை வைத்து உங்களைப் பற்றி
ஒரு கவிதை எழுதிவிடாதீர்கள் என்றும் சொன்னாள்.
எழுதவில்லை.)

நூறிலிருந்து நானூறு வரை நீளும் லென்ஸ்,
பழையது, மூன்று தவணை.
நானூறில் அது கட்டத்தை நிறைக்கும்,
நிறைத்ததும் வெளியேறிவிடும்.
நூற்றைம்பதுக்குச் சுருக்கித் தேடிக்
கண்டு நீட்டினால்
அது அடுத்த கொத்தில்.

சிறகை நிறுத்துவது ஷட்டர் அல்ல, பிளாஷ் என்று
பிறகுதான் பிடிபட்டது.
சக்தியை முப்பத்திரண்டில் ஒரு பங்காக்கு.
குறைக்கக் குறைக்க ஒளிக்கு ஆயுள் குறையும்.
வெயிலில் ஒரு துளியும் உள்ளே விடாதே.
பகல் ஒரு மணி, படத்தில் நடுச்சாமம்.
அந்த இருட்டில் ஒரு வெட்டு.

சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடமாக்கியது:
கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம்,
அது ஒரு மாத்திரை.
குறிலுக்கு ஒன்று. மெய்க்கு அரை.
மகரக்குறுக்கத்துக்குக் கால்.
அதற்குக் கீழே பெயரில்லை,
மணி அடித்துவிட்டது, எழுந்து போய்விட்டோம்.
அந்தக் காலுக்குள் இது ஆறேழு முறை சிறகடிக்கிறது.
பிளாஷ் எரிந்து அணைவதோ
ஒரு சிறகடிப்பில் இருநூற்றில் ஒரு பங்கு.

விட்டில் விளக்கில் விழும் என்பார்கள்.
இங்கே விளக்குத்தான் விட்டிலின் மேல்
விழுந்து விழுந்து எழும்பியது.
அது திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டாம் வியாழன் படிக்கட்டில் ஒரு தாள்:
"பகல் 13.10க்கு மின்னல். இடி இல்லை.
விளக்கம் வேண்டும்.
ஸ்பிண்டன், இரண்டாம் மாடி."
ரயில் பணிமனையில் இரவு வேலை அவருக்கு.
நான் மின்னியதெல்லாம் அவருடைய நித்திரைக்குள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். மன்னிக்கவில்லை.
வீட்டுச் செருப்போடு இறங்கி வந்து
கை கட்டிக்கொண்டு சுவரின் முன் நின்றார்.
பத்து நிமிடம்.
அது வந்தது.
"டவ்பஷ்வென்ஸ்லி" என்றார், குரலைத் தாழ்த்தி.
குட்டிப் புறாவால்.
பிறகு, நான் கேட்காமலே,
இரண்டாவது பிளாஷைத் தூக்கினார்:
"எங்கே பிடிக்க?"

பூவுக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி.
இரவு முழுக்கப் போல்ட் முறுக்கிய கை
ஐந்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கியது.
முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
வெறும் பூ. பாதிச் சிறகு. வெறும் பூ.
கொடியில் என் தலையணை உறை.
ஒன்றில் மட்டும்
உறிஞ்சி பூவின் தொண்டைக்குள்,
வயிற்றோரம் கறுப்பும் வெள்ளையும்,
சிறகின் செதில்கூட எண்ணலாம்.
ஒளி சற்றே சரிந்து கீழிருந்து வருகிறது,
அவர் கை தளர்ந்த நேரம்.
நேரே பிடித்திருந்தால் அந்தக் கண் மின்னியிராது.

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.
"ரீங்காரம் இல்லையே" என்றார்.
இல்லைதான்.
நித்திரைக்குப் போனார்.

ஒக்டோபரில் நிர்வாகம் சுவரைச் சுத்தம் செய்தது.
வெடிப்புக்குச் சீமெந்து.
இன்று முதியோர் இல்லச் சமையலறையிலிருந்து
வெங்காய வாசத்தோடு திரும்பி வருகிறேன்,
படிக்கட்டில் மறுபடியும் தாள்:

"13.25. உங்கள் ஜன்னல் ஜெரேனியத்தில்.
எண்ணினேன், பதினொரு பூ.
நீங்கள் வேலையில்.
கொட்டாவி விட்டேன், அதற்குள் போய்விட்டது.
ஸ்பிண்டன்."